வாய்க்காலும் வயலும்: இதயத்தின் குருதியோட்டத்தை அணுக்கதிர் கொண்டு அறிதல்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அந்நீர் சில நாள்களில் கல்லணையை அடைந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்லும். மதகுகளைத் திறந்து மலர் தூவும் படம் மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வெளிவரும். ஆயினும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உழவரோ, பேராவூரணிப் பக்கத்து உழவரோ அந்தப் படத்தைக் கண்டவுடன் விதைநெல்லை எடுத்துவிடுவதில்லை. "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" என்பதே அவர்களுடைய கேள்வி. இதய நோயிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. அதற்கு விடை தரும் ஒரு சோதனையைப் பற்றியதே இவ்வுரை.

இதயம் தன் அறைகளில் நிறைந்திருக்கும் குருதியைக் கொண்டு தன் பசியைத் தீர்த்துக்கொள்வதில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு கொரோனரித் தமனிகள் பிரிகின்றன. இடப்பக்கத் தமனி மீண்டும் இரண்டாகப் பிரிவதால், பெரிய வாய்க்கால்கள் மூன்று எனலாம். அவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, கிளைத்துக் கிளைத்து, தசைக்குள் வெளியிலிருந்து உள்நோக்கி இறங்குகின்றன. தசையின் உட்புற அடுக்கே இதயத்தின் கடைமடை. வரத்துக் குறைந்தால் முதலில் வாடுவது அதுதான்.

ஆஞ்சியோகிராம் என்பது வாய்க்காலின் படம். எந்த இடத்தில் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டும். வயலை அது காட்டாது. "எழுபது விழுக்காடு அடைப்பு" என்ற சொல்லைக் கேட்டவுடன் குடும்பமே நிலைகுலைந்து போகிறது. ஆனால் ஒரே அளவு அடைப்புள்ள இருவருள் ஒருவருக்குப் பக்க வாய்க்கால்கள் மெல்ல வளர்ந்து வயலைக் காத்திருக்கக்கூடும். மற்றவருக்கு அந்த நற்பேறு வாய்க்காமல் போயிருக்கக்கூடும். படத்தில் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. தை மாதத்தில் அறுவடையை நெருங்கிய வயலுக்கு நீர்த்தேவை குறைவு. தூர்ந்துபோன வாய்க்காலும் அப்போது போதும். நடவுக் காலத்தில் எல்லா வயல்களும் ஒருசேரக் கேட்கும்போதுதான் அதன் குறை வெளிப்படும். இதயமும் அவ்வாறே. நல்ல நிலையிலுள்ள தமனிகள் உழைப்பின்போது மூன்று, நான்கு மடங்கு குருதியைக் கொடுக்க வல்லவை. பாதியளவு குறுகிய தமனியில் இந்த மிகுவரத்துக் குறையத் தொடங்கும். ஆனால் ஓய்வு வேளையின் வரத்துக் குறைய வேண்டுமானால் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் அடைபட வேண்டும். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யும் எக்கோவும் பலருக்குக் குறையின்றி இருப்பதும், அவர்களே கோயில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

வாய்க்காலில் ஒரு சருகை இட்டு, அது அடுத்த மதகுக்கு வர எத்தனை நேரமாகிறது என்று பார்ப்பது சிறுவர் விளையாட்டு. 1920-களில் பாஸ்டன் நகர மருத்துவர் ஹெர்மன் புளூம்கார்ட் இதையே மனித உடலில் செய்தார். ஒரு கையின் சிரையில் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தார். குருதியோட்டத்தைக் கதிரியக்கத்தால் அறியும் முயற்சி அங்கே தொடங்கியது. 1937-இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தனர். மனிதரால் ஆக்கப்பட்ட முதல் தனிமம் ஆதலால், செயற்கை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதன் ஒரு வடிவமான டெக்னீசியம் 99எம் இன்று உலகெங்கும் அணு மருத்துவத்தின் அன்றாடச் சரக்கு.

1970-களின் நடுவில் இதயத்திற்குப் பயன்பட்டது தாலியம் 201. 1990-களிலிருந்து டெக்னீசியம் கலந்த மருந்துகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆயினும் நம் ஊர்களில் இச்சோதனைக்கு "தாலியம் ஸ்கேன்" என்ற பெயரே நிலைத்திருக்கிறது. தஞ்சையில் தொண்ணூறு ஆண்டு பழகிய கால்வாய் இன்னும் "புது ஆறு" என்றே அழைக்கப்படுவது போலத்தான்.

டெக்னீசியம் 99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் அதை வாங்கி அலமாரியில் வைத்திருக்க இயலாது. அதற்குத் தாயான மாலிப்டினம் 99, ஈயக் கவசத்துக்குள் அடைக்கப்பட்ட சிறு கலத்தில் மருத்துவமனைக்கு வருகிறது. அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டிருக்கும். காலைதோறும் உப்புநீரைச் செலுத்தி அதைப் பிரித்தெடுப்பர். இதற்கு உலகெங்கும் அத்துறையினர் வழங்கும் சொல் "பால் கறத்தல்" என்பதே. தாய்க்கும் அரை ஆயுள் 66 மணி நேரம்தான்; வாரம் ஒருமுறையேனும் புதிய கலம் வந்தாக வேண்டும். 2009-இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி ஓராண்டுக்கு மேல் நின்றபோது, பல நாடுகளில் இச்சோதனைகள் தடைப்பட்டன. இந்தியாவில் 1963-இல் மும்பையில் கதிர்மருத்துவ மையம் தொடங்கப்பட்டது முதல் இத்துறை வளர்ந்து வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் அணு மருத்துவத்திற்கெனத் தனித்துறைகள் உள்ளன. எல்லா ஊரிலும் இந்த வசதியை எதிர்பார்க்க இயலாமைக்கு இந்த வாராந்திர வரத்தும் ஒரு காரணம்.

சோதனை நடைபெறும் முறை எளியது. நோயாளி டிரெட்மில்லில் நடக்கிறார். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இதயம் தன் உழைப்பின் உச்சத்தை நெருங்கும் வேளையில் மருந்து சிரையில் செலுத்தப்படுகிறது. முழங்கால் வலியால் நடக்க இயலாத முதியோருக்கு, தமனிகளை விரிக்கும் அடினோசின் போன்ற மருந்தால் அதே நிலையை உண்டாக்குவர். டெக்னீசியம் கலந்த மருந்து, குருதி எவ்வளவு வந்ததோ அவ்வளவே தசையில் தங்கும். தங்கியபின் எளிதில் அகலாது. ஆகவே படம் பின்னர் எடுக்கப்பட்டாலும், அது காட்டுவது ஊசி போட்ட நொடியின் நிலையையே. காமா கேமரா நெஞ்சைச் சுற்றி வந்து அந்தக் கதிர்களைப் பதிவு செய்யும். ஓய்வு நிலையில் மற்றொரு முறை மருந்து செலுத்தி மற்றொரு படம் எடுப்பர்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதில்தான் பொருள் இருக்கிறது. இரண்டிலும் தசை சீராக ஒளிர்ந்தால் வயல் எங்கும் நீர் பாய்கிறது என்று பொருள். இத்தகையோருக்கு மாரடைப்போ இதயத்தால் மரணமோ நேரும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பது பல்லாயிரம் நோயாளிகளைக் கண்ட ஆய்வுகளின் முடிவு. நீரிழிவு உள்ளவர்கள் இந்த உறுதியைச் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும். உழைப்புப் படத்தில் இருண்டு, ஓய்வுப் படத்தில் ஒளி திரும்பினால், அந்தத் தசை உயிரோடிருந்து பற்றாக்குறையால் வாடுகிறது. இரண்டிலும் இருண்டிருந்தால், பெரும்பாலும் அது பழைய மாரடைப்பின் தழும்பு. பெரும்பாலும் என்ற சொல் இங்கே வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. நெடுநாள் நீரின்றிப் பயிர் ஒடுங்கிக் கிடப்பது போல, உயிர் இருந்தும் வேலை நிறுத்திய தசையும் உண்டு. அது சர்க்கரையை இன்னும் உண்கிறதா என்று பெட் ஸ்கேனில் பார்த்து அறிவர். உயிர் இருப்பதாலேயே அறுவை சிகிச்சை பயன் தந்துவிடும் என்று மட்டும் எண்ணக்கூடாது. 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று அந்த நம்பிக்கைக்கு ஒரு வரம்பு கட்டியது.

இச்சோதனைக்கும் குறை உண்டு. இது ஒரு பகுதியை மறு பகுதியோடு ஒப்பிடும் படம். மூன்று வாய்க்கால்களும் ஒரே அளவில் குறைந்துவிட்டால், எல்லா வயலும் சமமாக வாடி, படம் சீராக இருப்பதுபோல் ஏமாற்றும். டெல்டா முழுவதும் வறண்ட ஆண்டில் பக்கத்து வயலைப் பார்த்து நிறைவு கொள்வது போன்றது அது. உதரவிதானமும், பெண்களின் மார்பகத் திசுவும் கதிரை மறைத்து, இல்லாத குறையை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. ஒவ்வொரு கிராம் தசைக்கும் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்தே சொல்லும் பெட் முறை இக்குறைகளைப் பெரிதும் தீர்க்கிறது. ஆனால் அதற்கான அம்மோனியா மருந்து பத்தே நிமிடத்தில் பாதியாவதால், அதை ஆக்கும் சைக்ளோட்ரான் மருத்துவமனை வளாகத்திலேயே இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வயல்வேலை பார்க்கும் 66 வயதுப் பெரியவர் ஒருவரைக் கொள்ளலாம். வேகமாக நடந்தால் நெஞ்சில் பாரம், நின்றால் தணிகிறது. மகன் சென்னையில், மகள் வெளிநாட்டில். எல்லோரும் அச்சத்தில் "உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்கின்றனர். நிலத்தை ஒற்றி வைக்கவும் பேச்சு நடக்கிறது. ஸ்டென்ட் என்பது தூர் வாருவது. எந்த வாய்க்காலைத் தூர் வாரினால் எந்த வயலுக்குப் பயன் என்று தெரியாமல் தூர் வாருவதில் என்ன பொருள்? 2020-இல் வெளியான இஸ்கீமியா என்னும் பன்னாட்டு ஆய்வு, சோதனையில் கணிசமான குருதிக்குறை கண்ட 5,179 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் முதலிலேயே செய்யப்பட்டன. மற்றவர்க்கு மருந்து முதலில். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் இறப்பிலோ மாரடைப்பிலோ தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு மட்டும் முதற்பிரிவில் வலி நன்கு குறைந்தது. இடப் பெருங்கிளையில் அடைப்புள்ளவர்களும், இதயம் மிகத் தளர்ந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வழி வேறு. நிலையான நெஞ்சுவலி உள்ள இப்பெரியவரின் குடும்பத்திற்கு, அமர்ந்து யோசிக்கச் சில வாரங்கள் உண்டு. ஓய்விலும் தணியாத வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் யோசனைக்கும் ஸ்கேனுக்கும் இடமில்லை. அக்கணமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாத இளைஞர் ஆண்டுதோறும் இந்த ஸ்கேன் எடுத்துக்கொள்வதும் வீண்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்களில் இந்நோய் வராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரி 53 வயதிலேயே வருகிறது என்பதை இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. வெள்ளரிசிச் சோறும் எண்ணெய்ப் பலகாரமும் சைவமே. நீரிழிவு அதைக் கணக்கில் கொள்வதில்லை.

சோதனைக்குச் செல்வோர் அறியவேண்டியவை சில. அடினோசின் வகை மருந்து கொடுப்பதாயின் முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர், சாக்லேட் கூடாது. காபியிலுள்ள கஃபீன் அம்மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். கும்பகோணத்துக்காரர்களுக்கு இது கடினமான நோன்புதான். ஆஸ்துமா இருந்தால் முன்னரே சொல்ல வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே கூற வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நெறியுடையோர், காலைப் பட்டினியையும் சேர்த்தால் பதினைந்து மணி நேரத்திற்கு மேல் வெறும் வயிற்றோடிருக்க நேரும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே கூறி, காலையில் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுவது நலம். ஊசி போட்டபின், கல்லீரலிலும் பித்தப்பையிலும் தங்கிய மருந்து விலகுவதற்காகக் கொழுப்புள்ள உணவு தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சில இடங்களில் அது முட்டையாகவும் இருக்கும். கொழுப்பு நீக்காத பால் போதும் என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கதிர் என்ற சொல்லால் எழும் அச்சத்திற்கும் விடை வேண்டும். இரு டெக்னீசியம் ஊசிகளும் சேர்ந்து தரும் கதிரளவு ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலக மக்கள் இயல்பாகப் பெறுவது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். நான்காண்டு இயல்பளவு ஒரே நாளில் வருகிறது. காரணமிருந்தால் ஏற்கத்தக்கது, காரணமின்றி ஏற்கத்தக்கதன்று. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். காலை பத்து மணிக்குச் செலுத்திய மருந்து மாலை நான்குக்குப் பாதி, இரவு பத்துக்குக் கால், மறுநாள் காலை பத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேறுவதையும் சேர்த்தால் இன்னும் குறைவு. அன்று நிறையத் தண்ணீர் குடித்து, வீடு திரும்பிய தாத்தா பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை மட்டும் மறுநாள் காலை வரை ஒத்திவைத்தால் போதும்.