மண் சுமந்த கவிஞர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

சீனத்தில் நான் கண்ட சோலைகளைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் செயலாளர் பணித்தார். அந்நாட்டின் பெருநகரங்களுள் ஒன்றான ஹாங்சௌவுக்குச் சென்று, அங்குள்ள மேற்கு ஏரியையும் அதனைச் சூழ்ந்த பூங்காக்களையும் சில நாள் சுற்றிப் பார்த்து வந்தேன். பார்த்ததைச் சொல்வதோடு, பார்த்ததனால் மாற்றிக்கொண்ட ஒரு கருத்தையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். கவிஞனுக்கும் அலுவலக மேசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; கோப்பில் ஒப்பமிடும் கை கவிதை எழுதாது என்று இதே வட்டத்தின் கூட்டங்களில் பலமுறை வாதிட்டவன் நான். அரசுப் பணியில் உள்ள நண்பர் சிலர் அதனால் மனம் நொந்ததும் உண்டு. அந்த வாதத்தை அந்த ஏரிக்கரையில் இழந்துவிட்டு வந்திருக்கிறேன்.

நகருக்கு மேற்கே இருப்பதால் அது மேற்கு ஏரி. மூன்று புறம் குன்றுகள், ஒரு புறம் நகரம். பரப்பு ஏறத்தாழ 6.5 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2002ஆம் ஆண்டு தொடங்கி, கரையோரப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. ஆதலால் விடியற்காலையில் அங்கே காணப்படுவோர் வெளியூர்ப் பயணியரை விட உள்ளூர் மக்களே. முதியோர் வில்லோ மரங்களின் கீழே தாய்ச்சி பயில்கிறார்கள். ஒரு பெரியவர், நீண்ட தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, நடைபாதைக் கல்லின்மேல் ஏதோ பழங்கவிதை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். கடைசி வரியை அவர் முடிப்பதற்குள் முதல் வரி உலர்ந்துவிட்டது. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த நீரையும் குன்றையும் கண்டபோது, இயற்கை தானே தீட்டி வைத்த ஓவியம் என்றுதான் நானும் எண்ணினேன். அது பிழை. ஒரு காலத்தில் கடலோடு சேர்ந்திருந்த உப்பங்கழி, வண்டல் படிந்து வாய் அடைபட்டு ஏரியாயிற்று. அத்தகைய ஏரியை அப்படியே விட்டுவைத்தால் அது தூர்ந்து, சதுப்பாகி, ஒருநாள் வயலாகிவிடும். இன்று வரை அது ஏரியாக இருப்பதற்குக் காரணம் மனிதர்கள் திரும்பத் திரும்ப அதனைத் தூர் வாரியதே. அவ்வாறு வாரச் செய்தவர்களுள் தலையாய இருவர் கவிஞர்கள்.

முதலாமவர் தாங் காலத்துப் பெருங்கவிஞர் பாய் சூயி. 822 முதல் 824 வரை அந்நகரின் ஆளுநராக இருந்தவர். கடலுக்கு அண்மையில் உள்ள ஊராதலால் கிணற்று நீர் உவர்த்தது. அவருக்கு முன்பே லி மி என்னும் ஆளுநர், ஏரியின் நன்னீரை நகருக்குள் கொணர ஆறு கிணறுகளை அமைத்திருந்தார். பாய் சூயி அவற்றைத் தூர் வாரினார், ஏரிக்குக் கரை உயர்த்தினார், மதகு வைத்தார். பணிக்காலம் முடிந்து புறப்படும் முன் ஒரு கல்வெட்டும் எழுதி வைத்தார். அது கவிதை அன்று. ஏரி நீர் எவ்வளவு தாழ்ந்தால் எவ்வளவு நிலம் பாயும், எப்போது மதகைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று, தமக்குப் பின் வருவோருக்கு வைத்துச் சென்ற குறிப்பு. இன்று 'பாய் கரை' என்று வழங்கும் கரை அவர் கட்டியது அன்று. அவர் வருமுன்பே இருந்தது. அவர் கட்டியது மறைந்துவிட்டது. எனினும் மக்கள் இருக்கும் கரைக்கு அவர் பெயரைச் சூட்டி நன்றிக்கடன் தீர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாமவர் சூ ஷி. சூ தோங்போ என்றால் இங்குள்ள பலரும் அறிவீர்கள். 1071இல் துணை ஆளுநராக முதன்முறை இங்கு வந்தவர். ஏரியைப் பண்டைய பேரழகி ஒருத்தியோடு ஒப்பிட்டு அவர் அந்நாளில் எழுதிய கவிதையைச் சீனத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பின்னர் 1079இல், அவருடைய கவிதைகள் அரசைப் பழிப்பன என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார், நூறு நாட்களுக்கும் மேல் அடைபட்டிருந்தார், பிறகு நாடுகடத்தல். சாட்சியாக வைக்கப்பட்ட கவிதைகளுள் ஹாங்சௌவில் எழுதியவையும் இருந்தன.

அவைப் பெரியோர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். கவிதைக்காகச் சிறை சென்ற ஒருவன், பத்தாண்டு கழித்து அதே ஊருக்கு, அதே அரசின் ஆளுநராகத் திரும்பி வருகிறான். என் பழைய வாதப்படி அவன் ஒன்று அரசைத் துறந்திருக்க வேண்டும். அல்லது கவிதையைத் துறந்திருக்க வேண்டும். அவன் இரண்டையும் செய்யவில்லை. 1089இல் அவர் வந்து சேர்ந்தபோது ஊரில் பஞ்சமும் நோயும். பொதுப் பணத்தோடு தம் பொன்னையும் சேர்த்து நோயாளருக்கு ஒரு மருத்துவ இல்லம் அமைத்தார். ஏரியோ பாதியளவு பூண்டு மூடிக் கிடந்தது. முதன்முறை தாம் கண்டபோது பத்தில் இரண்டு மூன்று பங்கே மூடியிருந்ததையும், இப்படியே விட்டால் இருபது ஆண்டில் ஏரியே இராது என்பதையும் எடுத்துக்காட்டி 1090இல் அரசவைக்கு விண்ணப்பம் எழுதினார்.

ஏரியைக் காக்க அவர் ஐந்து காரணம் காட்டினார். பேரரசரின் நலம் வேண்டி மீன்களை நீரில் விடுவிக்கும் சடங்கு முதலாவது. குடிநீர், பாசனம், கால்வாய்ப் போக்குவரத்து அடுத்த மூன்று. ஐந்தாவது, மது வடிக்க ஏரி நீர் வேண்டும், அதன் வரி அரசுக்கு வேண்டும் என்பது. அழகு என்னும் காரணத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அழகைப் பாடத் தெரிந்தவர், அழகைக் காட்டி அரசிடம் பணம் பெற முடியாது என்பதையும் தெரிந்திருந்தார்! துறவிகளுக்கான சான்றிதழ்களை விற்றுப் பணம் திரட்டிப் பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுத்தார். 2 லட்சம் ஆள்நாள் உழைப்பு.

அள்ளிய சேற்றையும் பூண்டையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே தெற்கு வடக்காகக் கொட்டிக் கரையாக்கினார். 2.8 கிலோமீட்டர் நீளம், ஆறு பாலங்கள், இருமருங்கும் வில்லோவும் பீச் மரமும். இன்று 'சூ கரை'யில் நடக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சேற்றின்மேல்தான் நடக்கிறோம். பூண்டு மீண்டும் மண்டாதிருக்க, நீர்க்கொட்டை பயிரிடுவோருக்கு ஏரியின் ஓரங்களைக் குத்தகைக்கு விட்டார். பயிர் வைப்பவன் களையெடுப்பான் அல்லவா? பயிர் உள்ளே பரவாமல் தடுக்க நீரில் மூன்று கல்தூபிகளை எல்லையாக நட்டார். அவர் நட்டவை போய்விட்டன. இப்போது நிற்பவை மிங் காலத்தவை. 'நிலவைக் காட்டும் மூன்று தடாகங்கள்' என்று போற்றப்படுவதும், 1999ஆம் ஆண்டு வரிசையின் ஒரு யுவான் தாளில் அச்சிடப்பட்டிருப்பதும் அந்தத் தூபிகளே. ஒரு நீர்ப்பாசன எல்லைக்கல் நிலவின் வீடாகிவிட்டது.

நம் வட்டத்துக்குப் பத்து வயது. அந்த ஏரிக்கும் பத்து என்னும் எண் உரியது. தென்சூங் காலத்தில் பெயர் பெற்ற பத்துக் காட்சிகள் அங்கே உண்டு. 1699இல் காங்சி பேரரசர் வந்து பத்துப் பெயர்களையும் தம் கையால் எழுதித் தந்தார். எழுதும்போது 'நான்பிங் குன்றின் மாலை மணி' என்பதை விடியல் மணி என மாற்றினார். மக்களோ இன்றும் மாலை மணி என்றே சொல்கிறார்கள். பேரரசரின் திருத்தத்தையும் ஏற்காத வாசகர்கள் அவர்கள்.

மறுதரப்பையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. அதே ஏரியின் கூஷான் தீவில் லின் பூ என்னும் கவிஞர் வாழ்ந்தார். 1028இல் மறைந்தவர். பதவி எதையும் ஏற்காமல், மணமும் செய்யாமல், பிளம் மரங்களை மனைவியாகவும் நாரைகளை மக்களாகவும் கொண்டு வாழ்ந்தார் என்பார்கள். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. முன்பெல்லாம் அவர் மட்டுமே எனக்கு உகந்த கவிஞராக இருந்திருப்பார். இப்போது அவர் கல்லறை முன் நின்றபோது வேறொன்று தோன்றியது. அவர் மறைந்து அறுபது ஆண்டுக்குப் பின் சூ ஷி சேறு அள்ளியிராவிட்டால், அந்தத் தனிமையைச் சூழ நீர் இருந்திராது. துறந்தவரின் அமைதியையும் ஏற்றவரின் உழைப்பு காத்துக் கொடுத்திருக்கிறது.

அலுவலகத்திலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்து, களைத்த முகத்தோடு கவிதை வாசித்த நண்பர்களே, என் பழைய சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பொறுத்தருள்க. கவிஞர் எல்லாரும் ஆளுநராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நீர்நிலையைப் பாடுமுன் அதன் ஆழம் எவ்வளவு, அதனைத் தூர் வாரி எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாடுவோம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கல்லின்மேல் நீரால் எழுதிய வரி உலர்ந்துவிடும். அந்தப் பெரியவர் தூரிகையைத் தோய்க்க ஏரியில் நீர் இருக்க வேண்டும்.