கொல்லைப்புறத் திணை



ஓய்வு பெற்றோரின் அன்றாட வாழ்வில் இலக்கியத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இந்த ஐயம் எழ இடமில்லை. பொன்மலை இரயில்வே பணிமனையிலும், திருவெறும்பூரை அடுத்த பெல் தொழிற்சாலையிலும், வங்கிகளிலும் கல்லூரிகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தோர் பலர், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத்தீவில் தம் பிற்காலத்தைக் கழிக்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்க, வீட்டில் எஞ்சுவோர் கணவனும் மனைவியும் ஒரு நாயும். இலக்கியக் கூட்டங்களின் முன்வரிசை நாற்காலிகளை நிரப்புவோரும் பெரும்பாலும் இவர்களே என்பதை இந்த அவை அறியும்.

திருவரங்கத்துப் பழைய வீடு நீளமானது. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எனக் கடந்து சென்றால் கடைசியில் கிணறும் கொல்லையும் வரும். பணியில் இருக்கும் வரை ஒருவருக்கு வாசல்தான் வீடு. காலையில் வாசல் வழியே போய் மாலையில் வாசல் வழியே திரும்புகிறவருக்குப் பகல் பதினொரு மணிக்குத் தம் கொல்லையில் என்ன நிகழ்கிறது என்பது தெரியாது. ஓய்வு பெற்ற மறுவாரம் சாய்வு நாற்காலி பின்கட்டுக்கு வந்து சேர்கிறது. அப்போதுதான் செம்போத்து ஒன்று வேலியடியில் பறக்காமல் நடந்தே போவது கண்ணில் படுகிறது. தையல்சிட்டு இலையின் இரு விளிம்புகளையும் பஞ்சிழையால் தைத்துக் கூடமைப்பது தெரிகிறது. அணில் விடாது கத்தினால் எங்கோ பூனை இருக்கிறது என்று பொருள் என்பதும் சில நாளில் விளங்கிவிடுகிறது. சித்திரையில் தொடங்கிக் காகமும் குயிலும் நிகழ்த்தும் போர் ஆடி வரை நீள்கிறது. கரிய ஆண்குயில் காகத்தைச் சீண்டி வெளியே இழுக்க, புள்ளிகள் நிறைந்த பெண்குயில் அதன் கூட்டில் முட்டையிட்டுப் போகும். கறிவேப்பிலைக் கன்றின் மேல் பறவையின் எச்சம் போல ஒட்டிக்கிடப்பது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு என்பதை அறிய அறுபது வயது ஆக வேண்டியிருக்கிறது.

அறுபது வயது என்பது ஆடவரின் கணக்கு. அவர் இன்று கண்டுபிடித்ததாக மகிழும் செம்போத்தை அவருடைய மனைவி நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் துலக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் கொல்லையில் நின்றவர் அவர். அலுவலகம் செல்லாத பெண்ணுக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று இல்லை. பிரிவுபசார விழாவும் சந்தன மாலையும் இல்லை. கொல்லையை முதலில் கவனித்தவர் எவர் என்ற கேள்வியை இலக்கியத்திடம் கேட்டாலும் ஏறத்தாழ இதே விடைதான் வரும்.

குறுந்தொகை 210ஆம் பாடலால் பெயர் பெற்றவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். தலைவன் மீண்டு வந்ததற்கான நன்றி விருந்து வரக் கரைந்த காகத்திற்கே உரியது என்று தோழி கூறுவதாக அமைந்த பாடல் அது. ஒரு பெண்பாற் புலவருக்கு வீட்டுப்புறத்துக் காகம் பெயர் கொடுத்திருக்கிறது. 305ஆம் பாடலைப் பாடியவர் பெயர் குப்பைக்கோழியார். அவருக்குக் கிடைத்த உவமை வீட்டிற்குப் பின்னே குப்பைமேட்டில் இருந்தது. 46ஆம் பாடலில் மாமலாடனார் காட்டும் மனைக்குருவிகள் முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, பொதுவிடத்து எருத்துகளில் குடைந்தாடி, இறப்பில் குஞ்சுகளோடு உறங்குகின்றன. குருவியின் ஒரு பகல் முழுவதும் அப்பாடலில் இருக்கிறது. அதைக் கண்டு சொல்பவள் பிரிவால் வாடும் தலைவி, வீட்டில் தனித்திருப்பவள். தனித்திருப்போருக்குப் புலப்படுவது பிறருக்குப் புலப்படுவதில்லை.

திருவரங்கத்திற்கே உரிய சான்றும் உண்டு. இவ்வூரில் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வார், தம் திருமாலையின் 45 பாசுரங்களுள் ஒன்றில் அணிலைக் கொண்டுவருகிறார். அணை கட்டக் கடல்நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடிய அந்தச் சிற்றுயிருக்கும் தாம் ஒப்பாகவில்லையே என்று நைகிறார். நாள்தோறும் செடிகளுக்கிடையே நின்ற ஒருவருக்கு அணில் வெறும் புராணப் பாத்திரமாக மட்டும் இருந்திருக்க இயலாது. தென்னாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடுகள் என்றால் இராமபிரானின் விரல்கள் என்பர். வடநாட்டு அணிலுக்கு ஐந்து கோடுகள். அங்கே இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்களோ!

இக்கால உரைநடையில் கொல்லைக்குச் சான்று தேடினால் சென்னை மயிலாப்பூருக்குத்தான் செல்ல வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உப்புத் துறைப் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றுப் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தியவர். 1925இல் பல்கலைக்கழக மன்றத்தில் தமிழுக்காகப் பேசி முடித்த நிலையில் உயிர் நீத்தவர். அவருடைய மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றி, அது இந்தியாவோடு இணைந்தபின் வேறு அரசுப் பணியை நாடாமல் எழுத்தையும் படப்பிடிப்பையுமே வாழ்வாக்கிக்கொண்டார். நாற்பது வயதுக்கு முன்பே பெற்ற ஓய்வு என்று அதைக் கூறலாம். 1950 முதல் 1996 வரை 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் அவர் இடைவிடாது எழுதிய இயற்கைக் குறிப்புகளில் யானைக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு காகத்திற்கும் அணிலுக்கும் உண்டு. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தவர் சு. தியடோர் பாஸ்கரன், அவரும் அஞ்சல் துறையின் உயர்பதவியில் இருந்து 1998இல் ஓய்வு பெற்றவரே. ஓய்வூதியக் காலத்தைத் தமிழ் இவ்வாறு பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

இனி நாய். ஞமலி என்றும் ஞாளி என்றும் சங்கப் பாடல்களில் வருவது பெரும்பாலும் வேட்டை நாய். பக்தி இலக்கியத்தில் அடியவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள உதவும் உவமை அது. நாலடியார் ஒன்றே நாயின் பக்கம் நின்று பேசுகிறது. பழகிய பாகனையே கொல்லும் யானையை விட, எறிந்த வேல் உடலில் இருக்கவும் வாலை ஆட்டும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. ஆயினும் சாய்வு நாற்காலியின் காலடியில் உறங்கும் நாய் இவற்றுள் எங்கும் இல்லை.

அந்த நாய் மகன் வாங்கிய லாப்ரடாராக இருக்கும். மகன் வெளிநாடு சென்றபின் தந்தையிடம் தங்கிவிட்டதாக இருக்கும். விடியற்காலையில் அவரை எழுப்பி அம்மாமண்டபம் சாலை வரை அது இழுத்துச் செல்கிறது. நாள் முழுதும் பேச ஆளற்ற வீட்டில் அதனிடம்தான் பேச்சு. மாத்திரை வேளை தவறுவதும் அதனிடம்தான் முறையிடப்படுகிறது. திருச்சியின் சித்திரை வெயிலில் அடர்ந்த உரோமத்தோடு மூச்சிரைக்கும் அந்த வெளிநாட்டு இனத்தைக் காண்போர், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இந்த நாட்டில் இருக்கின்றனவே என்று நினைக்கலாம். நாட்டு இனங்களுக்காகக் கிருஷ்ணனும் பாஸ்கரனும் எழுதியது உண்மை. ஆனால் சிப்பிப்பாறை ஓடப் பிறந்த நாய். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் அதை அடைப்பதும் கொடுமைதான். தெருவில் ஏற்கெனவே பழகிய நாய்க்கு ஊசி போட்டு வீட்டில் சேர்த்துக்கொள்வதே பலருக்குப் பொருந்தும்.

ஒரு கணக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாயின் ஆயுள் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். அறுபதில் குட்டி வாங்குபவர் எழுபதைத் தாண்டியதும் அதை இழப்பார். எழுபத்தைந்தில் வாங்குபவரை அது இழக்கும். அதன்பின் அதற்குச் சோறிடுவோர் யார் என்பதை உயில் எழுதும் குடும்பங்களும் எழுதிவைப்பதில்லை.

கொல்லைக்கும் நாய்க்கும் உள்ள பகை தனி. நாய் வந்த வீட்டில் கீரி வருகையைக் குறைத்துக்கொள்கிறது. தரையில் மேயும் தவிட்டுக்குருவிக் கூட்டம் அடுத்த வீட்டுக்கு இடம் மாறுகிறது. கூட்டிலிருந்து விழுந்த அணிற்குஞ்சு தப்புவதில்லை. குற்றம் நாயினுடையதன்று. விடிந்தபின் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் நாயைக் கூடத்தில் வைத்துக் கொல்லைக் கதவைச் சாத்தினால் இரு தரப்பும் வாழும். தடுப்பூசியும் மனிதருக்கும் நாய்க்கும் மட்டும் உரிய செய்தியன்று. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல மடிந்ததற்கு நாய்களைத் தாக்கும் 'டிஸ்டெம்பர்' நச்சுயிரியும் ஒரு காரணமெனக் கண்டறியப்பட்டது. அந்நோய் ஓட்டு வீட்டுப் பரணில் ஒதுங்கும் மரநாயையும் தாக்கவல்லது.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு குறை சொல்லியாக வேண்டும். இக்காலக் கவிதைகளில் 'பெயர் தெரியாத பறவை' மிகுதியாகப் பறக்கிறது. அது எந்தத் துயரத்தையும் சுமந்து எந்தக் கிளையிலும் அமர்ந்துகொள்கிறது. கருப்பொருளுள் புள்ளையும் மாவையும் மரத்தையும் வைத்து இலக்கணம் வகுத்த மொழியில் இது வறுமை. பறவைக்குப் பெயர் இல்லாமலில்லை. கேட்டறியும் பொறுமைதான் குறைந்துவிட்டது.

கேட்பதற்குக் காலமும் குறைவாகவே இருக்கிறது. கிணற்றைத் தூர்த்துக் கொல்லையோடு வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுக்கும் வழக்கம் திருவரங்கத்தில் பெருகிவிட்டது. படியேற இயலாத முதியோரை மின்தூக்கியுள்ள வீட்டிற்கு மாறாதே என்று தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நல்ல செயலே. எனினும் அது சென்று காணும் இடம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேலியோரத்து எருக்கும் இருந்த கொல்லைக்கு வண்ணத்துப்பூச்சிகள் தாமே வந்தன.

பத்தாண்டு நிறைவில் இலக்கிய வட்டம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உறுப்பினர் இல்லங்களிலுள்ள மூத்த பெண்களிடம் கொல்லை உயிர்களின் பெயர்களைக் கேட்டெழுதலாம். செம்போத்து என்பாரும் செண்பகம் என்பாரும் உளர். கரிச்சானும் இரட்டைவால் குருவியும் ஒன்றே. கொண்டலாத்தியை எந்த மாதத்தில் கண்டார்கள், கீரி எந்த ஆண்டில் வராது நின்றது என்பனவற்றையும் பெயரோடு சேர்த்துக் குறிக்கலாம். கணவர் அருகிருந்தால் விடையை அவரே சொல்ல முற்படுவார்; அவரை நாயோடு காவிரிக்கரை வரை நடந்து வர அனுப்பிவிட்டுக் கேட்பது நல்லது.