உண்ணிக் காய்ச்சலும் இரத்தச் சோதனையும்

(பழைய மாணவியரான சகோதரிகள் இருவர் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டமொன்றில், பொரளையில், சேர்ந்து ஆற்றிய உரை)



தாய்மாருக்குப் பயன்படும் சுகாதார விடயம் ஏதாவது பேசும்படி செயலாளர் எங்களைக் கேட்டார். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். எங்களில் மூத்தவர் ஸ்காபரோவில் கணக்காளர். இளையவர் வெள்ளவத்தையில் ஆசிரியை. ஆகவே எங்கள் இரண்டு வீடுகளிலும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்த நோய்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்று ஒப்புக்கொண்டோம். இரண்டும் உண்ணி இனத்தால் வந்தவை. ஒன்று யாழ்ப்பாணத்திலே தொற்றிப் பொரளையிலே பிடிபட்டது. மற்றது கனடாவிலே. பிள்ளைகளின் பெயரைச் சொல்ல மாட்டோம். இப்போது பெரியவர்களாகி விட்டார்கள், கோபிப்பார்கள்.

முதலில் பொரளைக் கதை. மார்கழி விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போய் வந்த மகனுக்கு வயது ஏழு. வந்து ஒரு கிழமையில் காய்ச்சல் தொடங்கியது. கொழும்பிலே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. மூன்றாம் நாள் என்.எஸ்.1 சோதனை செய்வித்தோம். இல்லை என்று வந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் எப்.பி.சி. காலி வீதியில் உள்ள ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் எங்கள் மகனைக் கண்டதும் ஊசியை ஒளித்து வைத்துக்கொண்டு கதை கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். குருதிச் சிறுதட்டுகள் கொஞ்சம் இறங்கின, ஆனால் டெங்கு மாதிரி இறங்கவில்லை. வெளியில் காட்டிய ஒரு வைத்தியர் தொண்டை சிவந்திருக்கிறது என்று அன்டிபயோட்டிக் தந்தார். அது ஒன்றும் செய்யவில்லை. ஏழாம் நாள், தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்த பிள்ளையைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த இளம் பெண் வைத்தியர் புதிதாகச் சோதனை எதையும் எழுதவில்லை. முதலில் கேள்வி கேட்டார். எங்கே போனீர்கள்? எத்தனை நாள்? வீட்டைச் சுற்றிப் பற்றை இருக்கிறதா, வயல் இருக்கிறதா, நாய் இருக்கிறதா? பிறகு திரையை இழுத்து விட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை பிள்ளையைத் தேடினார். காதுக்குப் பின்னால், அக்குளில், அரையில். அரையிலே, உள்ளாடையின் ஓரம் படுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்தப் பொருக்கு இருந்தது. நோகவில்லை, சொறியவில்லை, அதனால் பிள்ளை சொல்லவில்லை. ஏழு வயதுப் பையன் தானே குளிக்கப் பழகிய காலம், எங்கள் கண்ணிலும் அது பட வழியில்லை.

அந்தப் பொருக்குத்தான் விடை. ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். ஊரிலே உண்ணிக் காய்ச்சல் என்ற ஒரே பெயருக்குள் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். (நெருப்புக் காய்ச்சலான டைபொயிட் வேறு, டைபஸ் வேறு. உறவுக்காரர் பாதிப்பேர் இன்றும் மாறித்தான் சொல்கிறார்கள்.) பற்றையிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணியின் குஞ்சு கடிக்க, அதன் வழியாக இந்த நோய்க்கிருமி உடம்பில் ஏறுகிறது. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டைபஸ் நிரலிலே யாழ்ப்பாண மாவட்டம் அடிக்கடி முன்னுக்கு நிற்கும். மாரி காலத்தில் கூடுதல். கண்டி, கேகாலைப் பக்கம் வேறொரு வகை; அதில் உடம்பெங்கும் புள்ளி போடும்.

இரத்தம் எடுத்து, பேஸ்லைன் வீதிக்கு அருகே இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினார்கள். நமக்கெல்லாம் அது எம்.ஆர்.ஐ. வெள்ளவத்தையிலிருந்து 154 பஸ்ஸில் வந்து பொரளையில் இறங்கி, கனத்தைப் பக்கம் போகிறவர்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறவர்களுமாகப் பிரிகிற கூட்டத்தில், அதன் வாசலை எத்தனையோ தரம் கவனியாமல் கடந்திருக்கிறோம். இப்போதுதான் கேள்வி வந்தது: முடிவு எப்போது வரும்? இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரம் இரத்தம் எடுக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார் வைத்தியர். அதுவரை பிள்ளை காய்ச்சலோடு கிடப்பதா என்று கேட்டோம். “இல்லை அம்மா, மருந்து இன்றிரவே தொடங்குகிறோம். தாள் வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்” என்றார்.

இதிலே நாங்கள் படித்த பாடம் சாதாரண தரத்து விஞ்ஞானம்தான். கிருமி உள்ளே வந்தவுடன் உடம்பு பிறபொருளெதிரியை உண்டாக்கத் தொடங்கும். அது அளக்கக்கூடிய அளவுக்கு வரச் சில நாட்கள், சில வேளை கிழமைகள் வேண்டும். இந்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, அந்தப் பிறபொருளெதிரியை. ஆகவே நோயின் முதல் கிழமையில் “இல்லை” என்று வரும் தாள் நோய் இல்லை என்று சொல்லவில்லை. இன்னும் அடையாளம் விழவில்லை என்றுதான் சொல்கிறது. 1916 இல் வந்த வெயில்-பீலிக்ஸ் என்ற பழைய சோதனை இன்னும் வினோதமானது. அதிலே டைபஸ் கிருமியே கிடையாது. புரோட்டியஸ் என்ற வேறொரு பற்றீரியாவோடு பிள்ளையின் குருதிப் பாயத்தைக் கலந்து, திரள்கிறதா என்று பார்ப்பார்கள். ஆளைத் தெரியாமல் சாயலைப் பார்த்துப் பிடிப்பது போல. எம்.ஆர்.ஐ.யில் செய்தது ஒளிரும் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் புதிய முறை.

மருந்து டொக்சிசைக்கிளின். அம்மம்மா தொலைபேசியில் அழுதா: “எட்டு வயதுக்கு முன்னம் அதைக் குடுத்தால் பல்லுக் கறுத்துப் போகும்.” அந்தப் பயம் வெறும் கதையல்ல. பழைய டெட்ராசைக்கிளின் மருந்துகள் வளரும் பற்களில் கறை போட்டன. ஆனால் 2015 இல் அமெரிக்காவில், எட்டு வயதுக்கு முன் டொக்சிசைக்கிளின் குடித்த பிள்ளைகளின் பற்களைப் பார்த்தபோது அப்படிக் கறை காணப்படவில்லை. பிறகு அங்குள்ள குழந்தை வைத்தியர் சங்கமும், குறுகிய காலத்துக்கு எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதை வைத்தியர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் விட்டது. விடியப் பிள்ளை கேட்டது மாலுபாண். எம்.ஆர்.ஐ. தாள் வந்தபோது அவன் உண்மையாகவே வகுப்பில் இருந்தான்.

எம்.ஆர்.ஐ.யைப் பற்றி ஒரு வார்த்தை. 1900 இல் பற்றீரியாவியல் நிறுவகமாகத் தொடங்கிய இடம் அது. 1903 இல் இத்தாலியரான அல்டோ கஸ்ரெல்லானி அதன் பணிப்பாளராக வந்தார். அக்காலத்தில் நம் கிராமங்களில் பிள்ளைகளை உருக்குலைத்த பறங்கிப் புண்ணிலிருந்து, சுருள் வடிவான ஒரு கிருமியை அவர் 1905 இல் இங்கே கண்டுபிடித்தார். நம் வயல்களில் வரும் எலிக் காய்ச்சலின் கிருமியும் சுருள் வடிவம்தான். நாங்கள் அடுத்துச் சொல்லப்போகும் கனடா நோயின் கிருமியும் அந்தச் சுருள் குடும்பத்துப் பிள்ளையே.

அந்த நோயின் பெயர் லைம். அமெரிக்காவில் கனெற்றிக்கட் மாநிலத்தில் லைம் என்ற ஊரின் பெயர் அது. அதைக் கண்டுபிடித்த கதையில் முதலில் வருபவர் பொலி மரே என்ற ஒரு தாய். அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கணக்காகக் காய்ச்சல், தோலில் சிவப்பு வட்டம், மூட்டு வீக்கம். எல்லாம் மனப்பிரமை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதினார். அயல் வீட்டுப் பிள்ளைகளில் யார் யாருக்கு முழங்கால் வீங்கியது என்றும் எழுதினார். 1975 இல் அவரும் இன்னொரு தாயும் தனித்தனியே மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார்கள். அலன் ஸ்ரியர் என்ற இளம் வைத்தியர் வந்து விசாரித்து, 51 நோயாளரைக் கண்டார். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். கிருமியை உண்ணியின் வயிற்றில் வில்லி பேர்க்டோர்பர் கண்டு, 1982 இல் அறிவித்தார். கொப்பி எழுதிய தாயை நம் சங்கத்துப் பெண்கள் யாரும் அந்நியமாக நினைக்க மாட்டீர்கள்.

இப்போது மூத்தவரின் மகள். வயது பதினொன்று. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு றூஜ் பூங்கா தெரியும். நம்மவர் வீடுகளிலிருந்து காரில் பத்து நிமிடம். கறுங்கால் உண்ணி அங்கே இருக்கிறது என்று ரொறன்ரோ சுகாதாரத்துறை அறிவித்தல் போட்டிருக்கிறது. கோடையில் அங்கே ஒன்றுகூடல் வைத்தோம். உண்ணி கடித்ததை யாரும் காணவில்லை. குஞ்சு உண்ணி கசகசா விதை அளவுதான். இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவளது வலது முழங்கால் தேங்காய் போல வீங்கியிருந்தது. உதைபந்தில் அடிபட்டது என்றார்கள். பிறகு பிள்ளைப் பருவ மூட்டுவாதம் என்றார்கள். இரத்தச் சோதனையில் லைம் என்று வந்தது. இரண்டு கட்டச் சோதனை அது. முதலாவது வலையைப் பரவலாக வீசும், இரண்டாவது அகப்பட்டதைச் சரிபார்க்கும். மூட்டு வீங்கும் கட்டம் வருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுவதால், அதற்குள் பிறபொருளெதிரி நன்றாக ஏறிவிடும். அந்தக் கட்டத்தில் சோதனை அநேகமாகத் தவறாது.

இருபத்தெட்டு நாள் மருந்து குடித்தாள். வீக்கம் பாதி இறங்கியது. இன்னொரு தவணை கொடுத்தார்கள். முழங்கால் மெல்ல மெல்லச் சரியாக, பிள்ளையின் களைப்பு மட்டும் போகவில்லை. பின்னேரம் பள்ளியால் வந்து சப்பாத்தோடு படுத்துவிடுவாள். கணக்கிலே கெட்டிக்காரி, எண்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். ஆறு மாதம் கழித்து வெளிநாட்டுத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு இரத்தம் அனுப்பினோம். “இருக்கிறது” என்று தாள் வந்தது. அந்தத் தாளைப் பார்த்த ஒரு சிகிச்சை நிலையம், கிருமி இன்னும் உடம்பில் ஒளிந்திருக்கிறது, இது நாள்பட்ட லைம், மார்பருகே நரம்பில் குழாய் வைத்து மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டும் என்றது. செலவைக் கேட்டுத் தகப்பன் வீட்டை அடகு வைக்கக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஒரு மாதம் எங்கள் இரண்டு வீட்டிலும் நித்திரை இல்லை. கொழும்புக்கும் ஸ்காபரோவுக்கும் இடையில் இரவு பகலாகப் பேசினோம். பொரளையில் கற்றதுதான் அப்போது கைகொடுத்தது. பிறபொருளெதிரி வரப் பிந்தும், போகவும் பிந்தும். கிருமி செத்துப் பல வருடம் ஆன பிறகும் ஐ.ஜி.ஜி. இரத்தத்தில் நிற்கலாம். சின்னமுத்து வந்தவருக்கு வாழ்நாளெல்லாம் அதன் அடையாளம் இருப்பது போல. ஆகவே சிகிச்சைக்குப் பிறகு வரும் “இருக்கிறது” என்ற தாள் பழைய வழக்கின் பதிவேடு. கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பிள்ளை வைத்திய நிபுணரிடம் இதைக் கேட்டோம். அவர் ஆய்வுகளை எடுத்து வைத்துப் பேசினார். 2001 இல் அமெரிக்காவிலும் 2016 இல் நெதர்லாந்திலும், லைமுக்குப் பிறகு களைப்பும் நோவும் நீடித்த பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீண்ட காலம் மருந்தும், மற்றவர்களுக்கு மருந்து போன்ற வெறும் பொருளும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து குடித்தவர்கள் மற்றவர்களை விட நன்றாகவில்லை. குழாய் வழி மாதக்கணக்கில் மருந்து ஏற்றியவர்களில் சிலருக்குக் கடுமையான குருதித் தொற்று வந்ததையும், அதனால் மரணம் நேர்ந்ததையும் 2017 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. களைப்பு பொய் என்று அவர் ஒரு தரமும் சொல்லவில்லை. களைப்பு உண்மை, கிருமி மருந்து அதற்கு மருந்தல்ல என்றார். எங்களுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. குழாய் வைக்கவில்லை.

அதற்குப் பதிலாகச் செய்தது அலுப்பான வேலை. பாடசாலையோடு பேசி அரை நாள் வகுப்பு. உடற்பயிற்சி மருத்துவரிடம் கிழமைக்கு இருமுறை. வேறு காரணம் ஏதும் உண்டா என்று தைரொயிட், இரும்புச்சத்து பார்த்தார்கள். இரும்பு குறைவாக இருந்தது, அதற்கு மருந்து. ஒன்றரை வருடம் எடுத்தது. இன்றும் பரீட்சைக் காலத்தில் அவளுக்கு மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதல் நித்திரை வேண்டும். தகப்பன் மனதில், அந்த மருந்தை ஏற்றியிருந்தால் முன்னமே சுகமாகியிருக்குமோ என்ற கேள்வி முழுதாகப் போகவில்லை. அதையும் இங்கே சொல்ல அவர் அனுமதி தந்தார்.

இன்னொன்று. நோய் அரிதான ஊரில் “சும்மா ஒரு முறை பார்ப்போம்” என்று செய்யும் சோதனை ஆபத்து. உதாரணத்துக்கு, ஆயிரம் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் இருக்கிறது, சோதனை நூற்றுக்கு இரண்டு தரம் பொய்யாக “இருக்கிறது” என்று சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு தாள் “இருக்கிறது” என்று வரும். இருபது வீட்டில் வீணாக அழுகை. எங்கள் சின்னம்மா ஒருவர் மூட்டு நோவுக்கு லைம் சோதனை செய்யப் போகிறேன் என்றபோது, இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டித்தான் மறித்தோம். அவர் கொட்டாஞ்சேனையை விட்டு வெளியே போனதே இல்லை.

ஆகவே சோதனைக்கு எழுதும் வைத்தியரிடம் நாங்கள் இப்போது கூச்சப்படாமல் கேட்பது: “இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த இரத்தம் பிள்ளையின் உடம்பிலேயே இருக்கட்டும். காய்ச்சல் தொடங்கிய நாள், போய் வந்த ஊர், குடித்த மருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்துக் கையோடு கொண்டுபோகிறோம்.

பேச்சின் பின் ஒரு தங்கை கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலையும் மலர்க்குழுவின் விருப்பப்படி சேர்க்கிறோம். கொழும்பில் நம் வீட்டு நாயிலிருந்து விழும் உண்ணியால் லைம் வருமா என்று கேட்டார். லைமைக் கொண்டுவரும் உண்ணி வேறு இனம்; குளிர் நாட்டுக் காடுகளில் மானிலும் எலியிலும் வாழ்வது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு முழங்கால் வீங்கினால், எங்கிருந்து வந்தது என்பதை இங்குள்ள வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எந்த உண்ணி கடித்தாலும் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், நெருப்புக்குச்சியால் சுட வேண்டாம். நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேரே இழுத்து எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, திகதியைக் குறித்து வையுங்கள். ஸ்காபரோக் கிளையினர் வருகிற கோடை ஒன்றுகூடலையும் றூஜ் பூங்காவிலேயே வைக்கிறார்கள். நீண்ட காற்சட்டையும் வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு வரும்படி அழைப்பிதழில் எழுதியிருக்கிறோம்.