தசை நொதியும் கலப்பின மீனும்



ஊர்க் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் என மூவகைக் கெண்டைக் குஞ்சுகளைச் சேர்த்து விடுவதன் காரணம் யாவரும் அறிந்ததே. கட்லா மேல் நீரிலும், ரோகு நடு நீரிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். ஆயின், குஞ்சு பொரிப்பகத்தில் பல இனங்களை ஒரே தொட்டியில் முட்டையிட விட்டால் அவை தம்முள் கலந்து விடுகின்றன. விரல் நீளக் குஞ்சைக் கண்ணால் பார்த்து, இது தூய கட்லா, இது கலப்பு என்று கூறுவது அனுபவசாலிகளுக்கும் அரிது. கலப்பு மீன் கெட்டதென்று நாம் கூறவில்லை. கட்லா–ரோகு கலப்பு சிறு தலையும் மிகுந்த சதையும் உடையதென விரும்புவோரும் உண்டு. அறியாமல் அதனையே தாய் மீனாக வைத்துக்கொள்வதுதான் தீங்கு. அது மலடன்று, ஆகவே தலைமுறைதோறும் குழப்பம் பெருகும்.

இதனைக் கண்டறியத் தசையிலுள்ள நொதிகள் உதவுகின்றன. அவரை விதையளவு முதுகுத் தசையைப் பனிக்கட்டியின்மீது வைத்து அரைத்துச் சுழற்றி, தெளிந்த நீரை எடுக்கின்றனர். சூடு பட்டால் நொதி செயலிழக்கும். ஆதலின் இத்தனை குளிர்ச்சி. அத்தெளிவை மாவுக் கூழ்க் கட்டியில் இட்டு மின்சாரம் பாய்ச்சுகின்றனர். 1955-இல் இம்முறையை வெளியிட்ட ஆலிவர் ஸ்மித்தீஸ், தம் தாயார் துணிக்குப் போட்ட கஞ்சி ஆறியதும் உறைந்ததை நினைவுகூர்ந்தே மாவைத் தேர்ந்தாராம். நம் வீட்டுக் கஞ்சியும் உறைவதுதானே! மின்னூட்டத்திற்கும் பருமனுக்கும் ஏற்ப ஒவ்வொரு புரதமும் வெவ்வேறு தொலைவு நகரும்.

1957-இல் ஹன்டர், மார்க்கெர்ட் என்னும் அறிஞர் இருவர் கட்டியிலேயே நொதிக்குச் சாயமேற்றும் வழியைக் காட்டினர். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் தசை நொதியை எடுத்துக்கொள்வோம். அது லாக்டேட்டிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பது. லாக்டேட், அதற்கு வேண்டிய துணைநொதி, டெட்ரசோலியம் சாயம், இடைநின்று கடத்தும் பொருள் ஒன்று ஆகியவற்றைக் கட்டியின்மேல் ஊற்றி இருட்டில் வைத்தால், நொதி உள்ள இடத்தில் மட்டும் கரையாத ஊதாக் கோடு படியும். லாக்டேட் சேர்க்காத மற்றொரு துண்டையும் உடன் வைத்தல் அவசியம். அதிலும் கோடு தோன்றினால், அஃது இந்நொதியின் வேலையன்று.

கலப்பு எங்ஙனம் வெளிப்படும்? இரு கூறுகள் இணைந்து உருவாகும் நொதியொன்றில், தாயினத்திற்கு ஒரு கோடும் தந்தையினத்திற்கு வேறிடத்தில் ஒரு கோடும் தோன்றுவதாகக் கொள்வோம். அவற்றின் குட்டியிலோ மூன்று கோடுகள் தோன்றும். நடுக்கோடு, தாய்க்கூறும் தந்தைக்கூறும் சேர்ந்தது. வழக்கமாக அதுவே அழுத்தமாக இருக்கும். இரண்டாம் தலைமுறையில் ஒரே நொதியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. பலவற்றைச் சோதித்தல் வேண்டும்.

இன்று மரபணுச் சோதனை இவ்வேலையின் பெரும்பங்கை ஏற்றுவிட்டது. அதற்குத் துடுப்பின் நுனியே போதும். மீனைக் கொல்ல வேண்டுவதில்லை. நொதிச் சோதனைக்கோ புதிய தசை வேண்டும். உப்பிட்ட மீனும், ஃபார்மலினில் போட்ட மீனும் இதற்கு உதவா. ஐயத்திற்குரிய மீனைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, குளத்தின் பெயரும், குஞ்சு வாங்கிய இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் மீன்வளத் துறை அலுவலரிடம் சேர்ப்பியுங்கள்.