வேலியோரத்துப் பச்சிலையும் ஊட்டி மருந்தாளரும்



"பச்சிலைதானே, என்ன பண்ணிவிடப் போகிறது?" என்று கேட்காத வீடு நம் பக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மருந்தாளரின் கதையைச் சொல்கிறேன். பெயர் டேவிட் ஹூப்பர். 1858-ல் இங்கிலாந்தில் பிறந்து, மருந்தாளர் படிப்புப் படித்தவர். 1884-ல் சென்னை அரசாங்கத்தின் கொயினா பரிசோதகராக ஊட்டிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் மலேரியாவுக்குக் கொயினாதான் மருந்து. அது சிங்கோனா மரத்தின் பட்டையில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மரம் அது. 1860-ஐ ஒட்டி விதையும் கன்றும் தருவித்து, நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிர் செய்தார்கள். மரம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பட்டையைக் கண்ணால் பார்த்தால் உள்ளே கொயினா எவ்வளவு என்று தெரியுமா? செம்பட்டை மரம் தளதளவென்று வளரும்; கொயினா குறைவு. லெட்ஜர் என்ற இனத்தை வளர்ப்பது சிரமம். கொயினாவோ பல மடங்கு. ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம் அளவு மாறும். ஹூப்பரின் வேலை, பட்டையை இடித்து, மருந்தைப் பிரித்து, நிறுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்வது. பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்த்துக் காசு போடுகிறார்களே, அந்த மாதிரி. எந்த மரத்தை வளர்ப்பது, எதை விடுவது என்பதற்கு அந்தக் கணக்குத்தான் வழி.

மனுஷர் சிங்கோனாவோடு நிற்கவில்லை. 1887-ல் நம் சிறுகுறிஞ்சான் இலையை எடுத்தார். அதை மென்றுவிட்டுச் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பது போல இருக்கும். அதற்குக் காரணமான பொருளைப் பிரித்து ஜிம்னமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். மறு வருஷம் ஆடாதோடை. ஆடுகூடத் தொடாத அந்த இலையிலிருந்து வாசிசின் என்ற சத்தைப் பிரித்தார். 1890 முதல் 1893 வரை இரண்டு பேரோடு சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றி மூன்று பாகமாக ஒரு புத்தகமும் எழுதினார். பிறகு கல்கத்தா மியூசியத்துக்குப் போய்விட்டார்.

இனி நம் வீட்டு விஷயம். இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் வைப்பது நம் வழக்கம். அது வீண் நம்பிக்கை இல்லை. மருந்துக் கடையில் விற்கிற புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே வாசிசினை ஒட்டிச் செய்ததுதான். ஆனால் அதே வாசிசினுக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் உண்டு. மாசமாக இருக்கிற மருமகள் இருமுகிறாளே என்று மாமியார் பிரியமாகத்தான் கஷாயம் கொடுப்பார். ஒரு கைப்பிடி இலையில் வாசிசின் எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஹூப்பருக்கே தராசு வேண்டியிருந்தது! உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு ஆடாதோடை வேண்டாம். நாட்டு மருந்துதான் வேண்டுமென்றால் சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளிப்போனால், கலைப்பதற்கென்றே வேரையும் இலையையும் அரைத்துக் குடிக்கிறார்கள். உதிரப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்கு, தகுதி பெற்ற டாக்டர் அரசு ஆஸ்பத்திரியில் பாதுகாப்பாகச் செய்வார். வேறு பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் அதற்கு மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் சிறுகுறிஞ்சானை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டையும் சேர்த்தால் சர்க்கரை மட்டுமீறி இறங்கவும் கூடும். குளிர்காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேரியாவுக்குத் தரும் மாத்திரை கர்ப்பிணிக்கு வேறு, மற்றவர்க்கு வேறு. வீட்டுக்காரருக்குத் தந்த மாத்திரையில் மீதியை மனைவிக்குக் கொடுக்காதீர்கள்.

கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். மாதப் பரிசோதனைக்கு மனைவியோடு நீங்களும் வாருங்கள். வீட்டில் என்ன கஷாயம், என்ன லேகியம் சாப்பிடுகிறார் என்பதையும் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்; சீட்டில் குறித்துக்கொள்வார்கள்.

கேட்க வேண்டியவர்கள் இப்போது கேட்கலாம்.