நீள்துளை சொன்ன பாடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்த மேடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஹாஸ்டல் கதை சொன்னார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு தொழிற்சாலையில், வெட்டவெளியில், பைப் லைனுக்கான மேடை. இரண்டு கான்கிரீட் தூண்களுக்கு நடுவே 10 மீட்டர் நீள ஐ.எஸ்.எம்.பி. 300 பீம், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். பீமின் ஒரு முனையில் வட்டத் துளை, மறுமுனையில் நீள்துளை. மார்கழி மாதக் காலையில் ஏற்றினோம். ஃபிட்டர் கேட்டார்: "சார், இந்தப் பக்கம் ஆடுது. ஒரு வெல்ட் வச்சிரட்டுமா?" "வச்சிடுங்க" என்றேன். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு!

மே மாதம் போய்ப் பார்த்தால் தூணின் தலையில் விரிசல். ஒரு மூலை பெயர்ந்து நிற்கிறது. கீழே ஆட்கள் நடக்கும் வழி. யார் மேலும் விழாதது என் அதிர்ஷ்டம்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் எஃகு தன் நீளத்தில் 10 லட்சத்தில் 12 பங்கு நீளும். 30 டிகிரி கூடினால் 10 மீட்டர் பீம் நீளுவது 3.6 மில்லிமீட்டர். "ப்பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் இரு முனையையும் அசையவிடாமல் பிடித்தால், அந்த நீட்சியை நீளத்தால் வகுத்து, யங் குணகம் 2 லட்சத்தால் பெருக்குங்கள்: சதுர மில்லிமீட்டருக்கு 72 நியூட்டன் தகைவு. பீமின் வெட்டுப்பரப்பு சுமார் 5,600 சதுர மில்லிமீட்டர். ஆக, தள்ளும் விசை ஏறக்குறைய 40 டன்! தூணும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் முழுசாக வராது. அதில் ஒரு பங்கு வந்ததே தூணின் தலைக்குப் போதுமானதாக இருந்தது. குறுக்குச் சட்டங்கள் இல்லாதிருந்தால் பீமே பக்கவாட்டில் வளைந்திருக்கும்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தகைவில் பீமின் நீளம் வருவதே இல்லை. 1 மீட்டரோ 100 மீட்டரோ, அதே 72தான். கனமான பீம் போட்டுத் தப்பிக்கலாமா? அதுவும் முடியாது. தகைவு குறையாது; பரப்பு கூடுவதால் தள்ளும் விசைதான் கூடும். வழி ஒன்றே: நகர இடம் கொடுப்பது.

வெல்டை வெட்டி எடுத்தோம். தூணின் தலையைச் சரிசெய்தோம். போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி லாக் நட் போட்டோம்.

இதே கணக்கைப் பரீட்சையில் சரியாகப் போட்டு மார்க் வாங்கியவன்தான் நான். வெயிலில் நின்று ஃபிட்டர் கேட்டபோது அது நினைவுக்கு வரவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. அந்தத் துளை ஏன் நீளமாக இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லையே!

இன்று என் டிராயிங்குகளில், அந்த முனைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழிலேயே எழுதி வைக்கிறேன்: "இந்தப் பக்கம் நகரும். வெல்ட் வைக்க வேண்டாம்."