தட்ட வேண்டிய கதவு எது?

(அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த மனுக்களை ஒருநாள் மாலை தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். மூச்சிரைப்புக்கு மருந்து கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் குப்பைக் கிடங்கை ஒட்டிய தெருக்களில் குடியிருப்பவர்கள். இரவானால் அங்கே குப்பை எரியும். நாம் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். புகையும் வந்துகொண்டே இருந்தது.

புகையை நிறுத்த என்ன வழி என்று யோசித்து, டெல்லிக்கு ஒரு மனு போட்டோம். சென்னைக்கு ஒரு மனு போட்டோம். இரண்டும் சுற்றிச் சுற்றி, சில மாதம் கழித்து வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போகக்கூடிய நகராட்சி அலுவலகம்! முதலிலேயே அங்கே போயிருக்கலாம். அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறோம்.

நீர் மாசு பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டமும், காற்று மாசு பற்றிய 1981ஆம் ஆண்டுச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை. அவற்றை நம் மாநிலத்தில் நடைமுறைப்படுத்துவது 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆலைக்கு இசைவு தருவதும், கழிவைச் சோதிப்பதும், மீறினால் நடவடிக்கை எடுப்பதும் அதன் வேலை. ஆகவே ஆலைக்கழிவு பற்றிய புகாருக்கு வாரியத்தின் மாவட்ட அலுவலகம்தான் சரியான கதவு.

குப்பை, குடிநீர், வடிகால் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. 1992இல் செய்யப்பட்ட 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குரிய 18 பொருள்களைப் பட்டியலிட்டது. திடக்கழிவு மேலாண்மையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் உண்டு. ஊராட்சிகளுக்கு 73ஆவது திருத்தம் 29 பொருள்களைச் சொன்னது. அதில் குடிநீரோடு மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை போட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டது. இதை எழுதி, தேதியிட்ட புகைப்படங்களையும் இணைத்து, வார்டு உறுப்பினரையும் அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. இப்போது கிடங்கில் இரவுக் காவலர் இருக்கிறார். எரிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. பழைய குப்பைமேடும் அப்படியே கிடக்கிறது. எனவே நம் வேலை முடிந்துவிடவில்லை.

இங்கே நம் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. உணவு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் ஒன்று. அதன் பிறகு நடந்த எத்தனை வலீமா விருந்துகளில் அந்தத் தாளை விரித்தோம்? மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தது யார்? அந்தக் கிடங்கில் எரிந்ததில் நம் வீட்டுப் பையும் இருந்தது.

மின்சாரத்துக்கு வருவோம். அரசியல் சட்டப்படி அது பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. அங்கே போய்ப் பேசுவதும் நம் உரிமை. கூரைமேல் சூரிய மின்தகடு அமைக்கும் வீடுகளுக்கு 2024இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் மீட்டரை மாற்றி இணைப்புத் தருவது நம் ஊர் மின்வாரிய அலுவலகம். பணம் ஓரிடம், இணைப்பு ஓரிடம். இது தெரியாமல் தரகரிடம் ஏமாற வேண்டாம்.

கிராமங்களில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்களே. குறிப்பாகப் பெண்கள் போக வேண்டும். தண்ணீர்க் குடத்தின் பாரமும் அடுப்படிப் புகையின் எரிச்சலும் அவர்களுக்குத்தானே தெரியும்! சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க இளைஞர்கள் இருப்பார்கள். எந்த மதத்தவரும் வரலாம். புகைக்கு மஹல்லா எல்லை கிடையாது. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு உதவுவதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த மனுக்களை மறுபடி தெருவாரியாகப் பிரிப்போம். கிடங்குத் தெருப் பிள்ளைகளின் பெயர்கள் குறைந்திருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். அதுதான் நம் வேலைக்கான கணக்கு.